எதைத் தாங்கத் தொடங்குகிறோம்?

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பகல் வேலை முடிந்த பிறகு, சம்பளம் தராத இன்னொன்றைத் தொடங்குவார்கள். சைட் புரொஜெக்ட் என்பது அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர். வெள்ளிக்கிழமை இரவு கிட்ஹப்பில் ஒரு புதிய களஞ்சியம் திறக்கப்படும், பெயர் சூட்டப்படும், சில வேளை இலச்சினையும் வரையப்படும். அடுத்த மாதத்துக்குள் அது கேட்பாரற்றுக் கிடக்கும். இப்படிக் கைவிடுகிறவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் நேர முகாமைத்துவம் பற்றியவை: சிறிதாகத் தொடங்கு, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கு, சீக்கிரம் வெளியிடு. அவற்றில் தவறில்லை. ஆனால் நோய் அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு செயலைத் தொடங்க எந்தக் காரணம் போதுமானது என்ற பழைய கேள்வியை யாரும் கேட்டுக்கொள்ளாமலே இந்தத் திட்டங்கள் தொடங்கப்படுகின்றன. கணினிக்கு மிக முன்பே சமயங்கள் அந்தக் கேள்வியோடு மல்லாடியிருக்கின்றன. மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே மூன்று கிலோமீற்றர் போனால் வரும் அலுவிகாரைக் குகைகளோடு அதற்கான ஒரு விடை இணைந்திருக்கிறது. அந்த விடை சரியானது என்பதே என் வாதம். ஏற்கெனவே யாரோ சிரமப்பட்டுத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒன்றின் பாரத்தில் பங்கேற்கும்போதுதான் ஒரு தொடக்கம் பொருள் பெறுகிறது. புதுமையும் புகழும் வருமானமும் அதற்குப் பிறகு வந்தால் வரட்டும்.

அலுவிகாரை பற்றிய மரபு இது. புத்தர் மறைந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய போதனைகள் இலங்கையில் ஏட்டில் இல்லை, பிக்குகளின் நினைவில் இருந்தன. அவற்றின் தொகுப்பான திரிபிடகம் முழுவதையும் ஒருவரே நெஞ்சில் சுமப்பது அரிது என்பதால், அதன் பகுதிகளான தீக நிகாயத்தை ஓதுவோர், மச்சிம நிகாயத்தை ஓதுவோர் என்று பாணகர் குழுக்கள் பிரிந்து அவற்றைக் காத்துவந்தன. கி.மு. முதல் நூற்றாண்டில், சிங்களத்தில் வலகம்பா எனப்படும் வட்டகாமினி அபய மன்னனின் காலத்தில், இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. தென்னிந்தியப் படைகள் அரசனைத் துரத்தின. ஐந்து தமிழ்த் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக அனுராதபுரத்தை ஆண்ட பதினான்கு ஆண்டுகளும் அவன் தலைமறைவாக இருந்தான். இதே மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளைக் குகைகளில் அவன் ஒளிந்திருந்ததாகச் சொல்வார்கள். கூடவே பெரும் பஞ்சமும் வந்தது. பிக்குகள் பலர் பட்டினியால் மாண்டார்கள், பலர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். படையெடுத்து வந்தவர்கள் நம் மொழி பேசியவர்கள் என்பதைத் தமிழ் வாசகர் மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அரசன் திரும்பி வந்த பிறகு பிக்குகள் கூடித் திரிபிடகத்தையும் அதன் உரைகளையும் ஏட்டில் எழுதினார்கள். மக்களின் தேய்வைக் கண்டு, போதனை நிலைக்க வேண்டும் என்பதற்காக எழுதினார்கள் என்று வரலாற்றேடுகள் சுருக்கமாகக் காரணம் சொல்கின்றன. மகாவம்சம் இடத்தைக் குறிப்பிடவில்லை. அலுவிகாரையின் பெயர் பிற்கால நூல்களில்தான் வருகிறது, எழுதியவர்கள் ஐந்நூறு பிக்குகள் என்ற எண்ணும் மரபுவழிக் கணக்கே. ஆயினும் பாளி நூற்றொகுதி வாய்மொழியிலிருந்து ஏட்டுக்கு வந்த காலத்தைப் பற்றி இந்த மரபை விடப் பழைய சான்று நம்மிடம் இல்லை.

இந்தக் கதையில் ஒரு சிறு கிளைக்கதை உண்டு. மென்பொருளாளர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டியது அதுதான். பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்துக்கான உரை நூல் சொல்கிறது: அந்தப் பஞ்சத்துக்குப் பின் மகாநித்தேசம் என்ற நூலை முழுதாக அறிந்தவர் ஒரே ஒரு பிக்குதான் எஞ்சியிருந்தார். அவரோ ஒழுக்கம் கெட்டவர் என்று பெயர் எடுத்தவர். அவரிடம் பாடம் கேட்க மற்றவர்கள் கூசினார்கள். வற்புறுத்தலின் பேரில் மகா ரக்கித தேரர் மனமில்லாமல் போய்க் கேட்டுக் கற்றார். நூல் பிழைத்தது. ஒரு நிரலைப் புரிந்துவைத்திருக்கும் ஒரே ஆள் நாளை பேருந்தில் அடிபட்டால் திட்டம் என்னாகும் என்று மென்பொருள் உலகில் ஒரு கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் மகாநித்தேசத்தின் மதிப்பெண் ஒன்று. அந்த ஒருவரை மற்றவர்களுக்குப் பிடிக்கவும் இல்லை. பிக்குகளுக்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. தூய்மையான புதிய தொடக்கம் ஒன்றைச் செய்திருக்கலாம், அல்லது பிடிக்காத ஆளிடம் போய் அழிந்துகொண்டிருப்பதைக் கற்றிருக்கலாம். அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். இன்றைய இளைஞர் பலர் முதலாவதையே தேர்வார்கள். அடுத்தவர் எழுதிய பழைய நிரலைப் படிப்பதை விடப் புதிதாக எழுதுவது இனிது. அதனாலேயே ஒரே தேவைக்கு நூறு அரைகுறைக் கருவிகள் கிடக்கின்றன.

காப்பதற்கு இவ்வளவு மதிப்புத் தந்தால் செத்த எழுத்தை வழிபடுவதில் போய் முடியாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பிக்குகளே தங்களுக்குள் இதைக் கேட்டுக்கொண்டார்கள். பஞ்சத்துக்குப் பிறகு மண்டலாராமை விகாரையில் ஒரு விவாதம் நடந்ததாக அங்குத்தர நிகாய உரை கூறுகிறது. சாசனத்தின் வேர் கற்றலா, கடைப்பிடித்தலா என்பதே பொருள். கந்தை உடுத்துக் கடுந்தவம் செய்தவர்கள் கடைப்பிடித்தல் என்றார்கள், தம்மத்தை ஓதிப் பரப்பியவர்கள் கற்றல் என்றார்கள். ஓதியவர்கள் வென்றார்கள். வல்பொல ராகுல தேரர் 1956இல் வெளியிட்ட இலங்கைப் பௌத்த வரலாற்று நூலில் இந்த விவாதத்தை எடுத்துப் பேசியிருக்கிறார். நூல் தியானத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்று அந்தத் தீர்ப்பின் மேல் இன்றும் குறை சொல்லப்படுகிறது. அந்தக் குறையில் பாதி உண்மை உண்டு. ஓதுவார் இல்லாத ஏடு செல்லரிக்கும், பயன்படுத்துவார் இல்லாத நிரல் அடுத்த இயங்குதளப் பதிப்பில் ஓடாமல் நின்றுவிடும். ஆனால் அன்றைய நெருக்கடியில் அவர்கள் கேட்டுக்கொண்டது எது உயர்ந்தது என்று அல்ல, எது போனால் திரும்ப வராது என்று. கடைப்பிடிப்பு ஒரு தலைமுறை தளர்ந்தால் அடுத்த தலைமுறை நூலைப் பார்த்து மீளலாம். நூலே போய்விட்டால் மீள வழியில்லை. ஓய்வுநேரத்தில் எதைத் தொடங்கலாம் என்று தேடுகிறவருக்கு இதை விட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

தமிழ்க் கணிமையின் வரலாற்றை இந்த அளவுகோலால் பார்த்தால் நிலைத்தவை ஏன் நிலைத்தன என்பது விளங்கும். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைப்பது அதன் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வளைகுடாவில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய மயூரநாதன் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கினார், ஆண்டுக்கணக்காக எழுதினார். 2005இல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கும் நூலகம் திட்டம் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த சமூகத்துக்கு அந்த வேலையின் அவசரத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. இவற்றில் எதிலும் தொழில்நுட்பப் புதுமை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முதலிரண்டையும் தொடங்கியவர்கள் தொழில்முறை நிரலாளர்களும் அல்லர். அவர்கள் நின்ற இடத்திலிருந்து ஓர் இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அதில் தங்களால் தாங்கக்கூடிய பங்கை எடுத்துக்கொண்டார்கள்.

இலங்கையின் மென்பொருளாளர்கள் சேர்ந்து செய்தவற்றுள் சஹானா என்ற பேரிடர் உதவி மென்பொருள் தனியாகச் சொல்ல வேண்டியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே உதவுகிறது என்பவை தாள்களிலும் தொலைபேசி அழைப்புகளிலும் சிதறிக் கிடந்தன. கொழும்பின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்த தன்னார்வலர்கள் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனின் துணையோடு சில நாட்களிலேயே அதற்கான பதிவேட்டு முறைகளை எழுதினார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிட்டியிலும் சஹானா பயன்பட்டது. சமூக நன்மைக்கான திட்டங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006இல் அதற்குக் கிடைத்தது. பேரிடர் வந்த வாரத்தில் செயலி எழுதுகிறவர்கள் எந்த நாட்டிலும் இருப்பார்கள். அலை வடிந்த பிறகும் சிலர் அதோடு தங்கினார்கள் என்பதில்தான் சஹானாவின் சிறப்பு இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதை இலேசாகத் தள்ள முடியாது. விளையாட்டு எங்கே போயிற்று? பகல் முழுக்க அடுத்தவர் சொன்னதை எழுதுகிற ஒருவர் இரவிலாவது தன் ஆசைக்கு எழுதக் கூடாதா, அங்கேயும் கடமை என்று ஒரு மேற்பார்வையாளரைக் கொண்டுவந்து நிறுத்துவதா? லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்சைத் தொடங்கியபோது உலகைத் தாங்கப் புறப்படவில்லை, பொழுதுபோக்காகத்தான் தொடங்கினார். டொனால்ட் குனூத் தன் நூலின் அச்சுக்கோப்பு அசிங்கமாக இருந்ததைச் சகிக்க முடியாமல் 1970களின் இறுதியில் டெக் என்ற அச்சமைப்பு முறையை எழுத உட்கார்ந்தார். ஒரு விடுப்பாண்டில் முடியும் என்று நினைத்த வேலை பத்தாண்டு தின்றது. சைவ மரபோ இதற்கும் மேலே போய்ப் படைப்பையே இறைவனின் திருவிளையாட்டு என்கிறது. இதை மறுக்க நான் வரவில்லை. விளையாட்டுக்குக் காரணம் தேவையில்லை, அது தன்னளவில் நிறைவானது, விளையாடி முடித்து எழுந்து போகலாம். பொம்மை நிரல்கள் ஆயிரம் எழுதி அழிப்பவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. ஆனால் பொருளுள்ள தொடக்கம் எது என்று கேட்கிறவர் ஏற்கெனவே விளையாட்டைத் தாண்டிவிட்டார், அவருக்கு எழுந்து போவது போதவில்லை. மேலும், இறைவனின் விளையாட்டுக்கும் நம்முடையதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குறைவற்றவனுக்கு நேரம் குறையாது. நமக்கோ கிடைப்பதெல்லாம் சில மாலைகள். லினக்ஸ் விளையாட்டாகப் பிறந்தது உண்மை. அதன் மேல் பிறர் சாயத் தொடங்கிய நாளிலிருந்து அதை நிறுத்தி வைத்திருப்பது பல்லாயிரம் பேரின் சலிப்பான பராமரிப்பு.

கீதையைத் துணைக்கு அழைப்பவர்களும் இருக்கிறார்கள். பலனில் உனக்கு உரிமையில்லை, செயலில் மட்டுமே என்ற போதனையைச் சுட்டி, யார் பயன்படுத்தினால் என்ன, பயன்படுத்தாவிட்டால் என்ன, எழுதுவதே யோகம் என்பார்கள். அந்தப் போதனையை இவ்வளவு எளிதாக வளைக்க முடியாது. மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் சனகனை உதாரணம் காட்டிப் பேசுவது லோக சங்கிரகத்தை, அதாவது உலகம் சிதறாமல் சேர்த்துப் பிடித்தலை. தனக்கென ஒன்றும் வேண்டாதவன் ஏன் இன்னும் செயல்பட வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே தரப்படும் விடை அதுவே. பலனைத் துறப்பது என்றால் எனக்கு வரும் புகழையும் ஊதியத்தையும் துறப்பது. என் செயலால் அடுத்தவனுக்கு வரும் விளைவைத் துறக்க எந்த நூலும் அனுமதி தரவில்லை. தான் எழுதிய செயலியை நம்பி ஒரு மருந்தகம் கணக்கு வைத்திருக்கும்போது, எனக்குப் பலனில் பற்றில்லை என்று சொல்லி அதைக் கைவிடுகிறவர் கர்மயோகி அல்லர். திருக்குறளும் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, ஆவதும் அழிவதும் எண்ணிப் பார்த்த பிறகே இறங்கச் சொல்கிறது. இறங்கிவிட்டு எண்ணிக்கொள்ளலாம் என்பதை அது இழுக்கென்று கருதுகிறது. சீக்கிரம் வெளியிடு என்ற இக்கால வேதம் வள்ளுவரிடம் செல்லாது.

இவற்றை விடக் கூர்மையான மறுப்பைப் பெரியபுராணமே தருகிறது. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் கோயில் கட்ட விரும்பினார். பொருள் சேரவில்லை. மனத்துக்குள்ளேயே கட்டினார். அதே வேளையில் பல்லவ அரசன் காஞ்சியில் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் வந்து, அந்த நாளில் நான் பூசலார் கோயிலில் புகவேண்டும், நீ வேறு நாள் பார் என்றான். அப்படியானால் யாருக்கும் உதவாத, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு திட்டம் அரசனின் கற்கோயிலை விட உயர்ந்ததாக ஆகவில்லையா? ஆயிற்று என்றே சேக்கிழார் சொல்கிறார். ஆனால் பூசலார் என்ன செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். மனத்தில் பொருள் தேடினார், தச்சரைக் கூட்டினார், நல்ல நாளில் அடித்தளமிட்டார், இரவும் உறங்காமல் நிலை நிலையாக உயர்த்தினார், சிகரம் வைத்தார், மதில் எடுத்தார், கிணறும் குளமும் தோண்டினார், பிறகே பிரதிட்டைக்கு நாள் குறித்தார். இலச்சினை வரைந்துவிட்டு நிறுத்தவில்லை. கிணறு என்பது கோயில் கட்டுகிறவருக்குக் கடைசியில் நினைவு வரும் பொருள், நாள்தோறும் அபிடேகத்துக்கு நீர் வேண்டும் என்று எண்ணுகிறவருக்குத்தான் அது முதலில் தோன்றும். பூசலார் கற்பனையில்கூடப் பராமரிப்பைக் கட்டினார். அரசனின் கோயிலை இறைவன் தள்ளிவிடவும் இல்லை, நாளைத்தான் மாற்றச் சொன்னான். அவன் எழுப்பியதாகச் சொல்லப்படும் காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் இன்றும் நிற்கிறது. ஆகவே இந்தக் கதையிலிருந்து, செய்யாமலிருப்பதும் செய்வதும் ஒன்று என்ற முடிவை எடுக்க முடியாது. வசதி இல்லை என்பது முழுமையில்லாமல் தொடங்கக் காரணமாகாது என்பதை எடுக்கலாம். அப்பர் கையில் உழவாரத்தோடு வழிபடப்படுவதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். அவர் புதிதாக எந்தக் கோயிலையும் கட்டவில்லை, இருந்தவற்றின் புல்லைச் செதுக்கினார். சைவத்தில் சரியை என்ற படி முழுவதும் இத்தகைய வேலைதான்.

கோயிலின் நடைமுறையும் இதையே சொல்கிறது. ஆகம மரபில் பிரதிட்டை என்பது தொடக்கவிழா மட்டுமன்று. மறுநாள் காலையிலிருந்து நித்திய பூசை தவறக் கூடாது, பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை கும்பாபிடேகம் செய்து புதுக்க வேண்டும். தொடங்குகிறவர் அந்தச் சங்கிலி முழுவதையும் ஏற்றே தொடங்குகிறார். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மரத்தடி வழிபாடாகத்தான் தொடங்கியது. நிலம் 1852இல் கிடைத்தது, இப்போதைய கோயில் 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியோடு எழுந்தது. தமிழருக்கு எதிரான 1983 வன்செயலில் அது தாக்கப்பட்டது, மீண்டும் கட்டப்பட்டது. மாசி மகத்தில் இன்றும் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. அந்தக் கோயிலின் பொருளை 1852இலோ 1874இலோ தேடுவது வீண். அது அடிபட்ட பிறகு திரும்ப எடுத்துக் கட்டியவர்களிடமும், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆண்டும் வடம் பிடித்தவர்களிடமும் இருக்கிறது.

இனி, வயிற்றுப்பாடு. மாத்தளையில் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து படித்து வந்து கொழும்பில் நிரல் எழுதும் பிள்ளைக்கு, 2022 பொருளாதார நெருக்கடியில் சம்பளத்தின் மதிப்பு பாதியாகிப்போன பிள்ளைக்கு, ஓய்வுநேரம் என்பது இரண்டாவது வருமானத்துக்கான நேரம். அவரிடம் போய் இலவச ஊழியம் பற்றி உபதேசிப்பது வசதியுள்ளவர்களின் ஒழுக்கம் என்று சொல்லப்படலாம். சரியான பேச்சு. பணத்துக்காகத் தொடங்குவதில் இழிவு ஒன்றுமில்லை, விலை வைத்து விற்கலாம். வாடிக்கையாளர் ஒருவரின் உண்மையான சுமையை இறக்கிப் பணம் வாங்குவதும் நான் சொல்லும் அளவுகோலுக்குள் அடங்கும். இந்த மறுப்பின் இன்னொரு முகம் கடுமையானது: தாங்குகிறவரையே எல்லாரும் சுரண்டுகிறார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்செட் என்ற சுருக்கக் கருவியில் ஒரு கள்ளக்கதவு வைக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. உலகின் சேவையகங்கள் பலவும் சார்ந்திருந்த அந்தக் கருவியை ஊதியமின்றி, களைத்துப்போன நிலையில், ஒருவர் பராமரித்துவந்தார். உதவுகிறேன் என்று வந்து ஆண்டுக்கணக்கில் நம்பிக்கை சேர்த்த ஒரு மர்ம நபர் அதை உள்ளே நுழைத்தார். அன்ட்ரெஸ் பிரொய்ண்ட் என்ற பொறியியலாளர் உள்நுழைவில் அரை விநாடி தாமதத்தைக் கவனித்துத் துருவியதால்தான் உலகம் தப்பியது. இந்தச் சம்பவத்திலிருந்து, பாரத்தை ஏற்காதே என்ற பாடத்தைச் சிலர் எடுக்கிறார்கள். நான் எடுப்பது வேறு. அந்தப் பராமரிப்பாளருக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் நின்று தோள் கொடுக்கும் இன்னும் இரண்டு நேர்மையான ஆட்கள். அந்த வேளையில் எத்தனை பேர் தங்கள் சொந்தச் சுருக்கக் கருவிகளைப் புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தார்களோ. ஏற்கும் பங்குக்கு எல்லை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். இவ்வளவு காலம் செய்வேன், இதற்கு மேல் இன்னாரிடம் ஒப்படைப்பேன் என்று முதல் நாளே எழுதி வைப்பது கோழைத்தனமாகாது. பாணகர்கள் நூற்றொகுதியைப் பங்கு பிரித்ததும் அதற்காகத்தான்.

இன்று இந்தக் கேள்வி முன்னை விட அவசரமானது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு மாலைப் பொழுதில் முழுச் செயலியையும் எழுதித் தருகின்றன. தொடங்குவதற்கு முன்பு ஒரு விலை இருந்தது. வாரக்கணக்கில் உழைக்க மனமில்லாதவர் தொடங்கமாட்டார். அந்த வடிகட்டி போய்விட்டது. தொடக்கங்கள் இனி மழைக்காலத்துக் காளான்போல முளைக்கும். எழுதித் தரும் இயந்திரம் நாளை மறுநாள் வந்து, தரவு தவறாக இருக்கிறது என்று தொலைபேசியில் அழைக்கும் ஆளுக்குப் பதில் சொல்லாது. பொறுப்பேற்கிற மனிதர் யார் என்பது ஒன்றே இனி ஒரு திட்டத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும்.

மாத்தளையில் தாங்குவார் தேவைப்படுபவை கண்முன்னே கிடக்கின்றன. மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழி இந்த மாவட்டத்தின் ஊடாகத்தான் போகிறது. வழியில் இறந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையோ தந்தைவழி முன்னோரோ எங்கே பிறந்தார்கள் என்பதற்குச் சான்று கேட்டபோது, தாளில்லாத காரணத்தால் நாடற்றுப்போன சமூகம் இது. பதிவேடு இந்தச் சமூகத்துக்கு அலங்காரப் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை. தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயில் தமிழில் வேறொரு பெயரும் உண்டு. வரைபடங்களில் முதலாவதுதான் இருக்கிறது, இரண்டாவது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற முதியவர்களின் நினைவில் இருக்கிறது. காமன் கூத்தின் பாடல்களை முழுதாக அறிந்த வாத்தியார்கள் குறைந்துவருகிறார்கள். மகாநித்தேசத்தின் கதை அங்கே திரும்ப நடக்கலாம். மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன் என்று ஊரைப் பெயரோடு சேர்த்தே எழுதியவர்களின் நூல்களும், அவர்கள் எழுதிய சிற்றிதழ்களும் வீட்டு அலுமாரிகளில் பூச்சி அரிக்கின்றன. இவற்றில் எதற்கும் பெரிய மென்பொருள் வேண்டாம். ஒரு வரைபட அடுக்கு, ஒலிப்பதிவுகளை ஒழுங்காகத் தேட ஒரு தரவுத்தளம், பழைய அச்செழுத்தைச் சரியாக வாசிக்கும் ஒரு கருவி போதும். கூடவே, அடுத்த பத்தாண்டும் அதன் சேவையகக் கட்டணத்தைக் கட்டப்போகிறவர் யார் என்ற கேள்விக்கு ஒரு பெயரும் வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு புதிய களஞ்சியம் ஒன்றைத் திறக்க உட்காரும் மாத்தளைப் பிள்ளைகள் அதற்கு முன் ஒன்றைச் செய்யட்டும். நூலகம் தளத்தில் உங்கள் ஊர் பற்றி ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அங்கே இல்லாத ஒரு நூலோ இதழோ உங்கள் வீட்டில் இருந்தால் அதை வருடி அனுப்புவதிலிருந்து தொடங்குங்கள். அந்த வேலையில் எந்த இடத்தில் கை வலிக்கிறதோ, அதற்கு நிரல் எழுதுங்கள்.